ஒன்பதாம் நம்பர் அறைக்காரர் எழுதியது

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை வந்தே விட்டது.

போன வாரம் டீ தம்ளருக்கு அடியில் மடித்து வைத்த கடிதத்தோடு ஸ்டாரை விட்டுவிட்டு வந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து அவன் மனைவிக்கு வந்த கடிதம் அது. கணக்கு டீச்சர் இடம் மறுபடி காலியாகியிருக்கிறது. வர விருப்பமென்றால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தலைமையாசிரியைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போகட்டுமா வேண்டாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டார் டீயைக் குடித்து முடித்தான். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் எந்தப் பிரச்சினையும் தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் குடும்பத்துக்கு ஒருவராவது இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஸ்டார் என்பது தங்கை வைத்த பட்டப்பெயர். ஊரில் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் கண்ணாடி பார்ப்பார்கள். இவன் கைப்பேசியை எடுத்துத் தன் விடுதிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பான். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பதினான்கு அறைகளோடு நிற்கும் விடுதி. போன வருஷம் இதே நாளில் 2.8. இன்று 3.9.

அந்த ஏற்றத்துக்கு அவன் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. திட்டுகிறவர்களைத் துரத்தாமல் உட்கார வைத்துக் கேட்பது.

அவனுடைய அப்பா காலத்தில் வரவேற்பு மேசையில் ஒரு கருத்து நோட்டு இருக்கும். யாராவது குறை எழுதினால் அப்பா அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். கடைசியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே புகழ்ச்சியாக இருந்தது. அதை ஒரு மனிதரும் நம்பவில்லை.

ஸ்டார் அதைத் தலைகீழாக்கினான். வரவேற்புக்குப் பின்னால் பெரிய போர்டு ஒன்று மாட்டினான். இணையத்தில் யார் குறை சொன்னாலும் ஓர் எழுத்து மாற்றாமல் மஞ்சள் சீட்டில் எழுதி அதில் குத்துவான். வந்து போகிற எல்லோர் கண்ணிலும் படும். சரிசெய்தால் சீட்டில் பச்சைக் கோடு. பிறகு எழுதியவருக்கே போன் போட்டு, இன்னது செய்தோம் என்று சொல்வான். பத்துப் பேரில் ஆறு பேர் நட்சத்திரத்தை ஏற்றிக் கொடுத்தார்கள்.

"நாலாம் நம்பரில் வெந்நீர் வரப் பதினோரு நிமிடம் ஆகிறது" என்று ஒருவர் கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதியிருந்தார். குழாயை மாற்ற வழியில்லை. குளியலறையில் ஓர் அட்டை தொங்கியது: வெந்நீர் வரப் பதினோரு நிமிடம் ஆகும், மன்னிக்கவும், அதுவரை கீழே வந்து டீ குடியுங்கள், இலவசம். அதற்குப் பிறகு நாலாம் நம்பர்க்காரர்கள் வெந்நீரை மறந்துவிட்டு டீயைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். துண்டு சுவரில் பெயின்ட் சுரண்ட உதவும் என்று ஓர் அம்மாள் எழுதினாள், துண்டுகள் மாறின. வரவேற்பில் இருக்கும் பெரியவர், நீங்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா என்று கேட்டார் என ஒரு ஜோடி எழுதியது. அப்பா பின்பக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்ப மாற்றப்பட்டார். அந்தச் சீட்டிலும் பச்சைக் கோடு விழுந்தது. அப்பா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் இன்றைக்கு. சுற்றுலா நிறுவனத்து அதிகாரி நாலு மணிக்கு வருகிறார். அவருக்குப் பிடித்துப் போய், மதிப்பெண்ணும் நாலைத் தொட்டுவிட்டால், வாரத்துக்கு இரண்டு பஸ் ஜனங்கள், வருஷம் முழுக்க. அறைகள் நிறையும். துவைக்க ஓர் ஆளை வேலைக்கு வைக்கலாம். அப்புறம் மனைவி தாராளமாகப் பள்ளிக்கூடம் போகலாம்.

ஏனென்றால் இப்போது துவைப்பது அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதே வாரம் சலவைக்காரரும் நின்றுவிட்டார். "ஆறே மாசம் பாத்துக்கோ" என்று ஸ்டார்தான் கேட்டான். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஆக, நாலு மணிக்கு நாலு நட்சத்திரம், ஐந்து மணிக்குள் மனைவிக்கு நல்ல பதில். ஸ்டார் மனக்கோட்டை கட்டிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டான். அவனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் இந்தக் கதையின் கஷ்டமே.

ஒன்பதே கால் மணிக்கு வரவேற்பிலிருந்து தங்கை கூப்பிட்டாள். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

கம்ப்யூட்டரில் புதிய விமர்சனம் ஒன்று வந்திருந்தது. நேற்றுக் காலி செய்துவிட்டுப் போன ஒன்பதாம் நம்பர் அறைக்காரர் எழுதியது.

"அறை சுத்தம். படுக்கை விரிப்பு பிரமாதம். நான் இரவு வேலை பார்ப்பவன், பகலில்தான் தூங்க முடியும். நான் இருந்த மூன்று நாளும் மதியம் இரண்டரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதார். முதல் நாள் டிவி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சுவரைத் தட்டினேன். அழுகை நின்று குழாய்ச் சத்தம் கேட்டது. அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நட்சத்திரம்."

ஸ்டார் பழக்கதோஷத்தில் மஞ்சள் சீட்டை எடுத்துவிட்டான். "அறை சுத்தம்" என்பதுவரை எழுதினான். பேனா நின்றுவிட்டது.

ஒன்பதாம் நம்பருக்கு அந்தப் பக்கம் இருப்பது துவைக்கும் அறை. மதியம் இரண்டரைக்கு அங்கே யார் இருப்பார்கள் என்பது வாசலில் படுத்திருக்கும் பூனைக்குக்கூடத் தெரியும்.

"மெஷின் பெல்ட் தேஞ்சிருக்கும். சுத்தறப்ப அழற மாதிரிதான் கேக்கும்" என்றான்.

தங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சுவத்தத் தட்டினா பெல்ட் நிக்குமாண்ணா?"

அதற்குள் அப்பா தண்ணீர் பாட்டில்களோடு ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தங்கை திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"நானும் கேட்டிருக்கேன். ரொம்ப நாளா" என்றார்.

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா போர்டுல எழுதி மாட்டிருவியேன்னுதான்."

ஸ்டாருக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்கையைப் பார்த்தான். அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே கூரைக்கு அடியில் மூன்று பேர் காதிலும் விழுந்திருக்கிறது. அவன் காதிலும்தான், மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால். தெரியும் என்று சொன்னவர் மூன்று நாள் தங்கிவிட்டுப் போன அந்நியர் ஒருவர் மட்டும். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை விடப் பெரியதாக இன்னொன்று அவன் கண்ணில் பட்டது. 3.9 கீழே இறங்கி 3.8 ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பதாம் நம்பர் அறைக்காரருக்குப் போன் செய்தான். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். ஸ்டார் எப்போதும் சொல்வதைச் சொன்னான்: எழுதியதற்கு நன்றி, குறை சொன்னால்தான் நாங்கள் வளர முடியும், அடுத்த முறை இரண்டு நாள் இலவசமாகத் தங்கலாம். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு ஃப்ரீ ரூம்லாம் வேணாம் தம்பி. அந்தம்மா ஏன் அழறாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"கேக்கறேன் சார்."

"கேளுங்க. சாயங்காலம் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நானே கூப்பிடறேன். கேட்டுட்டேன்னு சொன்னீங்கன்னா மாத்திடறேன். மத்தபடி உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

இதைவிடச் சுலபமான குறை அந்தப் போர்டில் ஏறியதே இல்லை. குழாய் மாற்ற வேண்டாம், துண்டு வாங்க வேண்டாம். இருபது படி ஏறிப் போய் ஒரு கேள்வி கேட்டால் போதும். ஸ்டார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்து, கடைவீதிக்குப் போய் ஃபோம் ஷீட் வாங்கி வந்தான். பாட்டுப் பதிவு செய்யும் அறைகளில் அடித்திருப்பார்களே, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கறுப்பாக, அது. கூடவே மரச்சட்டம், ஆணி, சுத்தியல்.

இரண்டரை மணிக்குத் துவைக்கும் அறைக் கதவைத் தள்ளினான்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஈர விரிப்பு ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்ததா, சோப்புத் தண்ணீர் பட்டதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

என்ன இது என்று கேட்டாள். ஒன்பதாம் நம்பருக்குச் சத்தம் போகிறதாம், சுவருக்கு இதை அடித்துவிட்டால் கேட்காது என்றான்.

"என்ன சத்தமாம்?"

"மெஷின் சத்தம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஷீட்டின் மறு முனையைப் பிடித்தாள். கோணலாகப் போகிறது, இடது பக்கம் கொஞ்சம் இறக்குங்கள் என்றாள். அவன் இறக்கினான். அவள் ஆணி எடுத்துக் கொடுக்க அவன் அடித்தான். கணக்கு டீச்சர் அல்லவா, கடைசியில் ஷீட்டுகள் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தன. பாதிச் சுவர் முடிந்தபோது அவளே பேசினாள்.

"மூணாவது நாள் தட்டினாரு. பயந்துட்டேன். அதுக்கப்புறம்தான் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேன்."

ஸ்டாரின் சுத்தியல் நின்றது.

"எத்தன ஸ்டார் குடுத்தாரு?" என்றாள்.

"ரெண்டு."

"என்னால மூணு போச்சா."

"அதெல்லாம் மாத்திக் குடுத்துருவாரு. போன் பண்ணிப் பேசிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

இந்த இடத்தில் அவன் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நீ ஏன் அழுகிறாய் என்று கேட்கச் சொன்னார், கேட்கிறேன், சொல் என்று. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொன்னால் அதற்கு இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும், நாலு மணிக்கு அதிகாரி வருகிறார். பயந்துபோனான்.

"சரி பண்ணிடுங்கன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த ஆணியை நீட்டினாள். நாலு மணிக்குப் பேசி முடித்துவிட்டு ஐந்துக்குள் வந்து பதில் சொல்கிறேன், ஆள் வைத்துவிடலாம், நீ பள்ளிக்கூடம் போகலாம் என்று அவன் சொன்னான். சரி என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயது, சிரிப்பை அளந்து செலவு செய்கிறவர். முதலில் போர்டுக்கு முன்னால் நின்று சீட்டு சீட்டாகப் படித்தார். மற்ற விடுதிக்காரர்கள் குறைகளை எப்படி மறைப்பது என்று எங்களிடமே யோசனை கேட்கிறார்கள், நீங்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று மெச்சினார். பாதி எழுதிய மஞ்சள் சீட்டைத் தங்கை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டிருந்தாள். ஆனால் அதிகாரி இன்று காலை வந்ததையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். நேராக ஒன்பதாம் நம்பர் என்றார்.

அறையில் கட்டிலோரமாகக் குனிந்து சுவரில் காதை வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லையே என்றார் அதிகாரி. காலையில் வந்த புகாருக்கு மதியமே வேலை முடித்துவிட்டோம் என்றான் ஸ்டார். அப்போதுதான் அவர் முழுதாகச் சிரித்தார்.

கீழே வந்து காகிதங்களை விரித்தார். ஒரே ஒரு சங்கடம், தலைமை அலுவலகம் நாலுக்குக் கீழே ஒத்துக்கொள்ளாது, திங்கட்கிழமைக்குள் நாலைத் தொட்டால்தான் ஒப்பந்தம் செல்லும் என்றார். ஸ்டார் சரி என்றான். அப்புறம் அவர் ஒரு பத்தியில் விரலை வைத்தார்.

"உங்களப் பத்தி நல்லா எழுதின அத்தன பேரும் பெட்ஷீட்டத்தான் எழுதியிருக்காங்க. யாரு துவைக்கிறது?"

"வீட்டு ஆள்தான் சார்."

"அதே கை இருக்கணும். ஆள் போட்டா அடுத்த மாசமே இறங்கிரும், நாங்க எவ்வளவோ பாத்தாச்சு. ஒரு வருஷத்துக்கு அத மாத்தக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்லியே?"

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தங்கை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சுவரில் மணி நாலு முப்பத்தைந்து.

ஆட்சேபணை உண்டு என்று சொல்லலாம். சொன்னால் அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போவார். பஸ் இல்லை, அறைகள் பாதி காலி, அப்போதும் துவைக்க ஆள் வைக்க முடியாது. சொல்லாவிட்டால் அறைகள் நிறையும், ஆனால் ஆள் வைக்கக் கூடாது. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அவள் அந்த மெஷினுக்கு முன்னால்தான் நிற்கிறாள். ஸ்டாருக்கு இது நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரியை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம். அவன் படியேறினான். ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தான். ஒரே வருஷம்தான். அடுத்த வருஷம் கட்டாயம். ஆறே மாசம் என்று முன்பு சொன்னது ஞாபகம் வர, அந்த வாக்கியங்களை எல்லாம் வழியிலேயே போட்டுவிட்டு வெறும் ஆளாகப் போய்க் கதவைத் திறந்தான்.

அவள் காய்ந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். கறுப்புச் சுவர் அறையை இன்னும் சின்னதாக்கியிருந்தது.

"கையெழுத்தாச்சா?"

"ஆச்சு."

"துவைக்க ஆள்?"

அவன் சொன்னான். அதே கை வேண்டும் என்று அவர் கேட்டதை, ஒரு வருஷத்துக்கு மாற்றக் கூடாது என்பதை. எல்லோரும் உன் விரிப்பைத்தான் பாராட்டி எழுதுகிறார்கள் என்பதையும், என்னவோ அந்தப் பாராட்டால் அவளுக்கு லாபம் இருப்பது போல, சேர்த்துச் சொன்னான். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அஞ்சு ஆகப்போகுது. ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டு..." என்று இழுத்தான்.

"மூணு மணிக்கே போட்டுட்டேன். நீங்க ஆணி அடிச்சு முடிச்சுக் கீழ போனதும்."

"என்ன சொன்னே?"

அவள் கடைசி விரிப்பை அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க. சத்தம் வெளியில கேக்கும்."

அவன் சாத்தினான். சாத்திவிட்டு அங்கேயே நின்றான். திரும்பவும் திறக்கக் கைப்பிடியைத் தொட்டபோது சட்டைப் பையில் போன் அடித்தது. சொன்ன சொல் தவறாமல் ஒன்பதாம் நம்பர் அறைக்காரர். பின்னால் பேருந்துச் சத்தம். வேலைக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது.

"கேட்டீங்களா தம்பி?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கதவு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. லைனில் இருங்கள் சார் என்று சொல்லிவிட்டுத் திறந்துகூடக் கேட்டிருக்கலாம்.

"கேட்டுட்டேன் சார். உக்காந்து பேசிட்டோம்."

"அப்பாடா. நேத்துலேர்ந்து மனசே சரியில்ல எனக்கு. அவங்க நல்லா இருக்கட்டும்" என்றார் அந்த நல்ல மனிதர்.

ஸ்டார் கீழே இறங்கி வந்தபோது தங்கை திரைக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்திருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் 3.8 இருந்த இடத்தில் 4.0 வந்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குக் கீழே இருந்ததை அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். இப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. மற்றவர்களாக இருந்தால் சுவரைப் பூசியிருப்பார்கள். இவர்கள் அந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார். வரவேற்பிலிருந்து தன்னை எழுப்பி விட்ட நாளுக்குப் பிறகு அவர் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. தங்கையின் கண் கலங்கியிருந்தது.

"கேட்டுட்டியாண்ணா" என்றாள். "அண்ணி என்ன சொன்னாங்க?"